மேலாளர் கிளம்பும் முன் கிளப் என்ன செய்திருக்க வேண்டும்?

கேள்வி: பதினைந்து வருடமாக இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து பார்க்கிறேன். மேலாளருக்கு அப்புறம் என்ன என்று கேட்டால் எல்லா கிளப்பும் ‘எங்களிடம் நீண்டகாலத் திட்டம் இருக்கிறது’ என்கின்றன. ஆள் போனதும் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். அப்படி ஒரு திட்டம் நிஜமாகவே இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும் ரசிகர் எப்படித் தெரிந்துகொள்வது? புதிதாக வருபவருக்கு எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

பதில்: அடுத்து யார் என்ற பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அது எல்லா கிளப்பிடமும் இருக்கும். மேலாளர் கிளம்பும்போது அவரோடு சேர்ந்து வேறு என்னென்ன வெளியே போகிறது என்று பாருங்கள். அது குறைவாக இருந்தால் அங்கே திட்டம் இருக்கிறது. இதை நான் என் சொந்த கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டிடம்தான் கற்றேன். இன்றும் வலிக்கிற பாடம்.

2013 மே 8 அன்று அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வை அறிவித்தார். 1986 நவம்பரில் வந்தவர். 26 ஆண்டுகளில் 38 கோப்பைகள், அவற்றில் 13 லீக் பட்டங்கள். மறுநாளே அடுத்தவர் பெயரும் வந்துவிட்டது. எவர்ட்டனில் 11 ஆண்டுகள் இருந்த டேவிட் மோய்ஸ், ஆறு ஆண்டு ஒப்பந்தம். ஃபெர்குசனே கைகாட்டிய ஆள். எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு நிம்மதி.

அந்தக் கோடையில் வெளியே போனவர்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வீரர்களை வாங்கி விற்கும் பேரங்களை நடத்திய தலைமை நிர்வாகி டேவிட் கில் அதே நேரத்தில் விலகினார். அவர் இடத்துக்கு வந்த எட் வுட்வர்டு விளம்பர ஒப்பந்தங்களில் கெட்டிக்காரர், வீரர் பேரம் அவருக்குப் புதிது. ஃபெர்குசனின் பயிற்சியாளர்கள் மைக் ஃபெலன், ரெனே மியூலன்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் மூவரும் போனார்கள். மோய்ஸ் எவர்ட்டனிலிருந்து தன் ஆட்களை அழைத்து வந்தார். ஆக, மேலாளர், பேரம் பேசுபவர், தினமும் மைதானத்தில் வீரர்களோடு நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் புதியவர்கள். அணியோ வயதான அணி. கிக்ஸுக்கு 39, ஃபெர்டினாண்டுக்கு 34, எவ்ராவுக்கு 32. ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். 11 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்ற அணிதான், ஆனால் ஃபெர்குசன் ஒருவரின் அளவுக்குத் தைத்த சட்டை அது.

அதன் விலையை ஒரே உதாரணத்தில் காட்டுகிறேன். மோய்ஸுக்கு எவர்ட்டனின் நடுக்கள வீரர் ஃபெல்லாய்னி வேண்டியிருந்தது. ஜூலை 31-க்குள் 2.35 கோடி பவுண்டு கட்டினால் எவர்ட்டன் மறுக்க முடியாது என்று ஃபெல்லாய்னியின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அந்தத் தேதியை விட்டுவிட்டு, செப்டம்பர் 2 அன்று, வீரர்களை வாங்கும் சந்தை மூடும் இரவில், 2.75 கோடி கொடுத்து வாங்கினார்கள். நாற்பது லட்சம் பவுண்டு வீண். அந்தக் கோடையில் வந்த ஒரே பெரிய வரவு அதுதான்.

இன்னொரு காட்சி. 2014 பிப்ரவரி 9, ஓல்டு டிராஃபோர்டு. எதிரில் அட்டவணையின் அடியில் கிடந்த ஃபுல்ஹம். யுனைடெட் வீரர்கள் ஓரங்களிலிருந்து 80 தடவைக்கு மேல் பந்தைத் தூக்கித் தூக்கி உள்ளே போட்டார்கள். வேறு வழியே தெரியாதது போல. கடைசி நிமிடக் கோலில் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. ஃபுல்ஹம் பக்கம் நின்ற பயிற்சியாளர் யார் தெரியுமா? முந்தைய கோடையில் யுனைடெட்டை விட்டுப் போன அதே மியூலன்ஸ்டீன். ஏப்ரல் 22 அன்று மோய்ஸை நீக்கினார்கள். அணி ஏழாம் இடத்தில் முடிந்தது. மோய்ஸ் திறமையில்லாதவர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். 2023-இல் வெஸ்ட் ஹாமுக்கு ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். கீழே தரையே இல்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

சரி, நன்றாக நடந்தது எங்கே? லிவர்பூலில். யுனைடெட் ரசிகனாக இதை எழுதக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மேலாளர் யூர்கன் க்ளோப், விலகும் தன் முடிவை 2023 நவம்பரிலேயே கிளப்பிடம் சொல்லிவிட்டார். வெளியே தெரிந்தது 2024 ஜனவரி 26 அன்று. அப்போது லிவர்பூலில் ஸ்போர்ட்டிங் டைரக்டர் நாற்காலியும் காலியாகிக்கொண்டிருந்தது. எந்த வீரரை வாங்குவது, யாருக்கு எவ்வளவு ஒப்பந்தம், எந்தப் பயிற்சியாளர் என்றெல்லாம் பார்ப்பவர் அவர்தான். மேலாளரைவிட அதிக நாள் இருக்க வேண்டியவரும் அவர்தான். அதனால் முதலில் அந்த இடத்தை நிரப்பினார்கள். மார்ச்சில் மைக்கேல் எட்வர்ட்ஸ் உரிமையாளர் நிறுவனத்துக்குத் திரும்பினார், போர்ன்மத்திலிருந்து ரிச்சர்டு ஹியூஸ் ஸ்போர்ட்டிங் டைரக்டராக வந்தார். பயிற்சியாளர் தேடலை அவர்கள் நடத்தினார்கள். ரசிகர்கள் ஆசைப்பட்ட சாபி அலோன்சோ, தான் பயிற்சியாளராக இருந்த ஜெர்மன் கிளப் லெவர்குசனிலேயே இருக்கப்போவதாக மார்ச் கடைசியில் சொல்லிவிட்டார். கிளப் பதறவில்லை. ஃபெயனூர்டில் 2023-இல் நெதர்லாந்து லீக் பட்டம் வென்ற ஆர்னே ஸ்லாட்டை அழைத்தார்கள். பதவியின் பெயரைக்கூட மேலாளர் என்று வைக்கவில்லை, தலைமைப் பயிற்சியாளர் என்றார்கள். அவர் பொறுப்பு அணியைப் பயிற்றுவித்து ஆட வைப்பது வரைதான் என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதற்கும் ஒரு வருடம் முன்னால் நடந்தது. 2023 கோடையில் நடுக்களத்தையே புதிதாகக் கட்டியிருந்தார்கள். மக் அலிஸ்டர், சொபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க். ஸ்லாட் வந்தபோது அவசரமாக அடைக்க வேண்டிய ஓட்டை எதுவும் இல்லை. முதல் சீசனில் ஆடுவதற்கு அவருக்கு வாங்கித் தந்த ஒரே வீரர் கியேசா. ஏற்கெனவே இருந்த கிராவன்பெர்க்கைத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார், அதுவே போதுமானதாக இருந்தது. 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹமை 5-1 என்று வென்று பட்டத்தை உறுதி செய்தார்கள். அதே கோடையில் 40 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி அணியைக் கலைத்துக் கட்டினார்கள். ஜூலையில் அணியின் முன்கள வீரர் தியோகோ ஜோட்டா விபத்தில் மறைந்த துயரமும் சேர்ந்துகொண்டது. அந்த இலையுதிர் காலத்தில் அடுக்கடுக்காகத் தோற்றார்கள். கைமாற்றத்துக்குப் போட்ட திட்டம் கைமாற்றம் வரைதான் காக்கும்.

பழையவர் எங்கே உட்காருகிறார் என்பதையும் கவனியுங்கள். 1969-இல் யுனைடெட் மேலாளர் மேட் பஸ்பி ஒதுங்கி, 31 வயது வில்ஃப் மெக்கின்னஸிடம் அணியைக் கொடுத்தார். ஆனால் பொது மேலாளர் என்ற பெயரில் அங்கேயே இருந்தார். வீரர்கள் யார் பேச்சைக் கேட்பார்கள்? 1970 டிசம்பரில் மெக்கின்னஸ் நீக்கப்பட்டு பஸ்பியே திரும்பி வந்தார். க்ளோப் அப்படியில்லை. தன் கடைசி ஆட்டத்தில் ஸ்லாட்டின் பெயரைச் சொல்லி மைதானத்தையே பாட வைத்துவிட்டு ஊரைவிட்டே போனார்.

இன்னொரு சமீபத்திய உதாரணம் மான்செஸ்டர் சிட்டி. மேலாளர் கார்டியோலா 2024 நவம்பரில் 2027 வரை கையெழுத்திட்டார். அவருடைய ஸ்போர்ட்டிங் டைரக்டரான செகி பெகிரிஸ்டைன் 2025-இலேயே இடத்தை ஹியூகோ வியானாவுக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே கோடையில் கிளம்பாதபடி பார்த்துக்கொண்டார்கள். 2013-இல் யுனைடெட் செய்யத் தவறியது இதைத்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மாதக் கணக்கு எதுவும் சொல்லமாட்டேன். 2018 அக்டோபரில் மேலாளர் டீன் ஸ்மித் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனதும், பிரென்ட்ஃபோர்டு கிளப் அவருடைய துணைப் பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்கை மேலே ஏற்றியது. முதல் 10 ஆட்டங்களில் 8 தோல்வி. நிர்வாகம் அவரைத் தொடவில்லை. தோற்கும் ஆட்டங்களிலும் கோல் வாய்ப்புகள் உருவாகின்றனவா என்று எண்ணிப் பார்க்கும் கிளப் அது. 2021-இல் 74 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் பிரிவுக்கு ஏறினார்கள். ஃபிராங்க் 2025-இல் டாட்டன்ஹமுக்குப் போனபோதும் ஃப்ரீகிக், கார்னர் பயிற்சியாளராக உள்ளேயே இருந்த கீத் ஆண்ட்ரூஸிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். எனவே புள்ளி அட்டவணையோடு நிற்காமல் ஆட்டத்தையும் பாருங்கள். தோற்றாலும் என்ன செய்ய வருகிறார்கள் என்பது உங்களுக்குப் புரிந்தால் ஒரு சீசன் முழுக்கப் பொறுக்கலாம். அன்றைய ஃபுல்ஹம் ஆட்டம் போல வெறுமனே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தால், பிப்ரவரியிலேயே கவலைப்பட ஆரம்பித்துவிடுங்கள்.