வாட்ச்சைக் கழற்றியும் அரிப்பு நிற்கவில்லையே!

கேள்வி: எனக்கு 52 வயது. மதுரையில் பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகச் சுகர் இருக்கிறது. தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதால், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தீபாவளிக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தாள். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்றாள். அதனால் குளிக்கும்போதும், பாத்திரம் தேய்க்கும்போதும், தூங்கும்போதும்கூடக் கழற்றியதில்லை. சார்ஜ் போட மட்டும்தான் கழற்றுவேன். இரண்டு மாதத்தில் வாட்ச்சின் அடிப்பக்கம் படும் இடம் சதுரமாகச் சிவந்து எரிய ஆரம்பித்தது. வலது கைக்கு மாற்றினேன், அங்கும் அதே கதை. மருந்துக்கடையில் கொடுத்த க்ரீமைத் தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வருகிறது. இப்போது வாட்ச்சே கட்டுவதில்லை. ஆனாலும் இடது கையில் வட்ட வட்டமாக முழங்கைப் பக்கம் ஏறுகிறது. ஓரம் தடித்தும் நடுவில் கறுத்தும் இருக்கிறது. அடியில் எரியும் பச்சை விளக்கு தோலைச் சுட்டுவிட்டதா? வாட்ச்சைத் தூக்கிப் போட்டுவிடலாமா? மகள் வருத்தப்படுவாளே என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: சகோதரி, மற்றதெல்லாம் இருக்கட்டும். முதலில் அந்த க்ரீம் ட்யூபை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன் இவற்றில் ஏதாவது ஒன்று அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். கூடவே பூஞ்சைக்கு ஒரு மருந்தும், கிருமிக்கு ஒன்றோ இரண்டோ மருந்துகளும் கலந்திருக்கும். நான் சொன்ன நான்கும் ஸ்டீராய்டுகள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது வாட்ச் இல்லை, இந்த ட்யூப்தான்.

ஸ்டீராய்டு க்ரீம் கெட்ட மருந்து என்று சொல்லவரவில்லை. சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சில நாட்கள் மட்டும் போட்டால் அதைப்போல் உதவும் மருந்து தோலுக்கு வேறு கிடையாது. நாங்களே தினமும் எழுதித் தருகிறோம். ஆனால் அது அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும்போது, தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அமுக்குகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் பூஞ்சை இருந்துவிட்டால் போதும், கேட்பாரில்லாமல் வளரும். மேலே பார்த்தால் ஆறியதுபோல் இருக்கும், அடியில் பரவிக்கொண்டிருக்கும். தடவினால் அடங்கி, நிறுத்தினால் இரட்டிப்பாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்தச் சங்கதியின் முக்கியமான அடையாளம். கூடவே வட்டமாக நகர்கிறது, ஓரம் தடித்திருக்கிறது, வாட்ச் படாத இடத்துக்கும் ஏறுகிறது, உங்களுக்குச் சுகரும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், படர்தாமரை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கையைப் பார்க்காமல் முடிவாகச் சொல்வது தவறு. அதனால் சந்தேகம் என்றே சொல்கிறேன். உறுதிசெய்வது சுலபம். தடித்த ஓரத்திலிருந்து கொஞ்சம் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். வலி கிடையாது, பெரிய செலவும் கிடையாது. உங்கள் ஊர் அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது; தனியார் தோல் மருத்துவரிடம் போனாலும் சரிதான்.

உங்களை நான் குறை சொல்லவில்லை. அரிப்பு என்று போய் நின்றால் கடைக்காரர் கையில் அகப்படும் ட்யூபை எடுத்துக் கொடுப்பது ஊரெங்கும் நடக்கிறது. மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியைக் கடுமையாக்கிவிட்டது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியாவில் படர்தாமரை, மருந்துக்குச் சட்டென்று கட்டுப்படாத நோயாக மாறியிருப்பதற்கு இந்தக் கலப்பு க்ரீம்களும் ஒரு பெரிய காரணம் என்று தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறோம். இது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையான விஷயம். ஒரு வாரத்தில் சரியாகியிருக்க வேண்டிய மணிக்கட்டுச் சிவப்பு, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிய நோயாகிவிடுகிறது.

ஆகவே க்ரீமை இன்றே நிறுத்துங்கள். நிறுத்தியதும் நான்கைந்து நாட்களுக்கு அரிப்பு கூடும், சிவப்பும் ஏறும். பயந்துபோய் மறுபடி தடவிவிடாதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வைத்தெடுத்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். எலுமிச்சை, டெட்டால், பூண்டு விழுது, வேப்பிலையோடு மஞ்சள் என்று யார் என்ன சொன்னாலும் வேண்டாம். புண்ணான தோலில் இவற்றில் சில ரசாயனக் காயத்தையே உண்டாக்கும். பூண்டு கட்டிக் கொப்புளம் போட்டு வருபவர்களைப் பார்க்கிறோம்.

அப்படியானால் ஆரம்பத்தில் வந்த அந்தச் சதுரச் சிவப்பு? அதற்கு வாட்ச்தான் காரணம். ஆனால் பச்சை விளக்கு இல்லை. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதை, திரும்பிவரும் ஒளியின் அளவைக்கொண்டு கணக்கிட்டு நாடித்துடிப்பைச் சொல்கிறது வாட்ச். அதற்காகத்தான் அந்த விளக்கு. அது கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளி, புற ஊதாக் கதிர் கிடையாது. தோலைச் சுடும் பலமும் அதற்கு இல்லை.

சூட்டுக்காயம் வேறு விஷயம், அது பேட்டரியால் வரும். ஃபிட்பிட் நிறுவனம் 2022-ல் தன் ‘அயோனிக்’ வாட்ச்சை, பேட்டரி அதிகமாகச் சூடாகிச் சிலருக்குத் தீக்காயம் ஏற்பட்டதால் திரும்பப் பெற்றது. எந்த வாட்ச்சானாலும் கையில் சுருக்கென்று சூடு தெரிந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீர் உள்ளே போகாத வாட்ச் என்று நம்பி நீங்கள் கழற்றவே இல்லை. வாட்ச்சுக்குள் தண்ணீர் போகவில்லை, உண்மைதான். ஆனால் வாட்ச்சுக்கும் தோலுக்கும் நடுவில் போன தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரை, குளிக்கும் சோப்பு, மதுரை வெயிலின் வியர்வை எல்லாம் அந்த ஒரு சதுர அங்குலத்தில் தங்கின. சிலிகான் பட்டை ஈரத்தை வெளியே விடாது. நாடி சரியாகக் காட்டவேண்டும் என்று இறுக்கியும் கட்டியிருப்பீர்கள். இரவிலும் காற்றுப் படவில்லை. நாள் முழுக்க ஊறிய தோல் வெளுத்து நைந்துவிடும். அதன்மேல் சோப்புக் காரமும் உராய்வும் சேர்ந்தால் எரியத்தானே செய்யும்? கை மாற்றியும் அதே மாதிரி வந்ததற்குக் காரணம், கைதான் மாறியது, பழக்கம் மாறவில்லை. ஸ்மார்ட் வாட்ச்சால் வரும் தோல் தொந்தரவுகளில் பெரும்பாலானவை இந்த எரிச்சல் வகைதான். அலர்ஜி அதைவிடக் குறைவு.

குறைவு என்றாலும் அலர்ஜியைத் தள்ளிவிட முடியாது. அதே ஃபிட்பிட் 2014-ல் ‘ஃபோர்ஸ்’ என்ற கைப்பட்டையைச் சந்தையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் விற்றிருந்தது. தோல் எரிச்சல் என்று ஏறக்குறைய 9,900 புகார்கள், கொப்புளம் என்று 250 புகார்கள். ஸ்டீலில் இருக்கும் நிக்கல், பாகங்களை ஒட்டும் பசையிலுள்ள அக்ரிலேட் போன்றவைமேல் சந்தேகம் போனது. இன்றைக்கும் பல வாட்ச்களில் இவை சிறிய அளவில் இருக்கின்றன.

நிக்கல் அலர்ஜி இருக்கிறதா என்று நீங்களே ஓரளவு ஊகிக்கலாம். கவரிங் கம்மல் போட்டால் காது அரித்து நீர் வடியுமா? கவரிங் செயின் பட்ட கழுத்தோரம் கறுக்குமா? ஆமாம் என்றால் வாட்ச்சின் கொக்கி, காந்தப் பூட்டு, உலோகப் பட்டை இவற்றின்மேல் சந்தேகம் வரவேண்டும். அலர்ஜியில் எரிச்சலைவிட அரிப்பு அதிகம், பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம் வரும், சிவப்பு வாட்ச்சின் அளவோடு நிற்காமல் கொஞ்சம் வெளியேயும் வழியும். ஆறிய பிறகு மறுபடி கட்டினால் ஓரிரு நாளில் திரும்ப வந்துவிடும். தோல் பட்டையிலும் இந்த ஆபத்து உண்டு, தோல் பதனிடும் குரோமியத்தால். சந்தேகம் தீர முதுகில் ‘பேட்ச் டெஸ்ட்’ செய்வார்கள். அலர்ஜி தரக்கூடிய பொருட்களைச் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். உங்கள் கை ஆறிய பிறகு வாட்ச் கட்டி மறுபடி வந்தால் மட்டும் இந்தச் சோதனைக்குப் போனால் போதும். இப்போதே அவசரமில்லை.

வாட்ச்சைத் தூக்கிப் போட வேண்டாம். மகளிடமும் மறைக்காதீர்கள். உங்களை நடக்கவைக்க வேண்டும் என்ற அக்கறையில் வாங்கித் தந்த பெண், கையில் புண்ணோடு அம்மா மூடிமறைத்து உட்கார்ந்திருப்பது தெரிந்தால்தான் வருத்தப்படுவாள். இன்று இரவே போனில் சொல்லிவிடுங்கள். நெய்த நைலான் பட்டை ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் தோல் முழுக்கப் பழைய நிலைக்கு வரும்வரை எந்தக் கையிலும் கட்டாதீர்கள். வலது கைக்கும் இது பொருந்தும். அதுவரை நடையை விட்டுவிடாதீர்கள். போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாலே அது அடிகளை எண்ணும். உங்கள் சுகருக்குத் தேவை நடை, எண்ணிக்கை எதில் பதிவானாலும் ஒன்றுதான். பிறகு கட்டும்போது நடைப்பயிற்சி நேரத்தில் மட்டும் கட்டுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, விரல் நுனி உள்ளே போகுமளவு தளர்வாக இருக்கட்டும். வந்ததும் கழற்றி, கையைக் கழுவித் துடைத்துவிடுங்கள். சமையலறையில் வேண்டவே வேண்டாம். தூக்கக் கணக்கு உங்களுக்கு அவசியமே இல்லை. பட்டையை வாரத்துக்கு இரண்டு முறையாவது கழற்றி, மென்மையான சோப்பில் கழுவி, நுரை துளியும் தங்காமல் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். நைலான் பட்டை வியர்வையைக் குடிக்கும், அதைக் கழுவாமல் கட்டினால் சிலிகானைவிட மோசம். சானிடைசர் போட்டுத் துடைத்து ஈரத்தோடு கட்டுவதும், எண்ணெயோ சன்ஸ்க்ரீனோ தடவிய கைமேல் கட்டுவதும் கூடாது. மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தால் அதையும் கொஞ்ச நாளைக்கு அவிழ்த்து வையுங்கள். நனைந்த கயிறு மணிக்கணக்கில் காயாது.

நடுவில் கறுத்திருப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் நிறத் தோலில் எந்த அழற்சி வந்து ஆறினாலும் கறுப்பு தங்கும். அது நோய் அல்ல. மறைய சில மாதங்கள் ஆகும். பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் இன்னும் கறுக்கும். வெள்ளையாக்கும் க்ரீம் எதுவும் வாங்காதீர்கள், அவற்றில் பலவற்றிலும் இதே ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும்.

படர்தாமரை என்று உறுதியானால் இன்னும் சில விஷயங்கள். பாவாடை நாடா கட்டும் இடுப்பிலும், தொடை இடுக்கிலும், மார்புக்கு அடியிலும் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு மூலஸ்தானம் அங்கேதான் இருக்கும், கைக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் தீராது. சொல்லக் கூச்சப்படாதீர்கள், நாங்கள் தினமும் பார்ப்பதுதான். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களும் கூடவே மருந்து எடுக்க வேண்டும். உங்கள் துண்டு தனியாக இருக்கட்டும், துணிகள் வெயிலில் மொறுமொறுவென்று காயட்டும். மருந்து பல வாரங்கள் ஓடும். அரிப்பு பத்து நாளில் நின்றுவிடும், நின்றதும் நிறுத்திவிட்டால் திரும்ப வரும். மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை சாப்பிடுங்கள். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் பூஞ்சைக்குத் தரும் சில மாத்திரைகள் அதனுடன் சேராது.

சீழ் வைத்தாலோ, கை வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். சுகர் உள்ளவர்களுக்குத் தோல் புண் வேகமாக முற்றும்.

மருத்துவரிடம் போகும்போது தடவிய ட்யூப், வாட்ச், அதன் பட்டை, கடைசியாக எடுத்த சுகர் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். க்ரீம் தடவிய தோலில் சுரண்டிப் பார்த்தால் பூஞ்சை தெரியாமல் போகலாம். அதனால் எத்தனை வாரம் தடவினீர்கள், கடைசியாக என்றைக்குத் தடவினீர்கள் என்பதைச் சீட்டில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.