கோழிக் கதையும் எழுது

அன்பின் சேருக்கு,

உங்களிடம் எட்டாம் ஆண்டில் தமிழ் படித்தவள் நான். இப்போது அக்கரைப்பற்றில் ஒரு வங்கியில் வேலை. 2020 ஊரடங்கு நேரம் முகநூலில் புத்தகங்களைப் பற்றிக் கதைத்துப் பழகிய சிலர் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குறூப் தொடங்கினோம். பொத்துவில், ஏறாவூர், தோஹா, ரொறன்ரோ என்று எல்லாப் பக்கமும் ஆட்கள். ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை. தொடக்கத்தில் நல்ல விஷயங்கள் பேசினோம். இப்போது வெறும் அலட்டல். காலை ஏழு மணிக்கே தோஹா அக்கா "எழும்பிட்டன்" என்று போடுவா. ரொறன்ரோ அண்ணன் "நான் படுக்கப் போறன்" என்பார். பிறகு என்ன கறி, எந்தப் பூனை குட்டி போட்டது, யாருக்கு முதுகு வலி. பொத்துவில் தம்பி எல்லாரையும் நக்கலடிப்பான். இரவு பார்த்தால் இருநூறு மெசேஜ். நான் ஒன்றும் எழுதுவதில்லை, வாசிக்க மட்டும் அரை மணித்தியாலம் போகிறது. வள்ளுவரே பயனில சொல்லாமை என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். சத்தமில்லாமல் விலகிவிடவா, பயனுள்ளதைப் பேசுங்கள் என்று சொல்லிப் பார்க்கவா? முகம் காணாதவர்களை நண்பர்கள் என்பதும் சரிதானா? தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறார்கள், அதுவும் எரிச்சல்.

அன்புடன்,
உங்கள் மாணவி, ஆரையம்பதி

அன்புள்ள மகள்,

நல்ல நேரத்தில் எழுதியிருக்கிறாய். போன கிழமை மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போய்வந்ததிலிருந்து இந்த வெறுங்கதை விஷயம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளி வைப்போம். முகம் காணாத நட்பு சரியா என்கிறாய். கோப்பெருஞ்சோழனை முகம் காணாமலே நண்பனாக்கிய பிசிராந்தையாரை நானே உனக்குப் படிப்பித்திருக்கிறேன். திரும்ப அதே கேள்வியோடு வந்தால் வாங்கில் ஏற்றி விடுவேன். மொழிக் கலப்பைப் பற்றி இன்றைக்குப் பேச எனக்கு மனமில்லை. குறூப், மெசேஜ் என்று நீயும்தான் எழுதியிருக்கிறாய், எனக்கும் விளங்கியது.

வள்ளுவரைச் சாட்சிக்கு இழுத்தாயே, அந்த அதிகாரத்தின் முதல் குறள் எப்படித் தொடங்குகிறது? "பல்லார் முனியப் பயனில சொல்லுவான்." கேட்கிற பலருக்கும் வெறுப்பு வரும்படி பேசுகிறவனை அவர் ஏசுகிறார். உன் குறூப்பில் முனிகிறது யார்? நீ ஒருத்தி. மற்ற ஆட்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்ச ஒன்பது குறளையும் தூக்கிக்கொண்டு வராதே, அவற்றையும் நான் படித்துத்தான் இருக்கிறேன்.

இனி மண்முனைக்கு வருகிறேன். அந்தத் துறை உன் ஊருக்குப் பக்கத்தில்தான். 2014 இல் பாலம் திறக்கும்வரை வாவியின் மேற்கே படுவான்கரைக்குப் போகிறவர்கள் அங்கே பாதைக்குக் காத்துக் கிடந்தார்கள். (வெளியூர் வாசகர்கள் தெருவை நினைக்க வேண்டாம். ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான படகு எங்களுக்குப் பாதை. குருமண்வெளித் துறையிலும் அதுதான் பெயர்.) நான் அக்கரையில், படுவான்கரையில், பிறந்தவன். பட்டணம் என்றாலும் படிப்பு என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் வாவியைக் கடக்காமல் முடியாது. பாதை அந்தப் பக்கம் நின்றால் இந்தப் பக்கம் சனம் சேர்ந்துகொண்டே இருக்கும். தயிர்முட்டியை விற்றுவிட்டு வெறும் காவுதடியோடு நிற்கிற ஆள், கூனி விற்று முடித்த பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருக்கிற மனிசி, வயல் வட்டைக்கு வேலைக்குப் போகிற முல்லைக்காரர், குடையை மடக்கிக் கமக்கட்டுக்குள் வைத்த வாத்திமார். ஒருவருக்கு ஒருவரிடம் ஒரு அலுவலும் இல்லை. பாதை வரும்வரை கதை. எந்த வட்டையில் தண்ணீர் ஏறிவிட்டது, முகத்துவாரம் வெட்டுவார்களா மாட்டார்களா, யாருடைய எருமை யாருடைய வேலியை முறித்தது, நேற்றுக் கூத்தில் அருச்சுனனுக்கு ஆடினவன் எந்த இடத்தில் தாளம் பிசகினான். கேட்டு வந்து வீட்டில் சொன்னால் அம்மா, "வேற என்னவாம்?" என்பா. வேற ஒன்றும் இல்லை. அந்த வேற-ஒன்றும்-இல்லையைத்தான் எல்லாரும் அவ்வளவு நேரம் கதைத்தார்கள்.

யுத்த காலத்தில் வாவிக்கு இந்தக் கரையில் இராணுவம், அந்தக் கரையில் புலிகள் இயக்கம். 2007 வரைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு பக்கமும் சோதனை, இரண்டு பக்கமும் கேள்வி. பெரிய கதைகளை எல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் சனம் துறைக்கு வந்தது. மிஞ்சியது மழை, மீன், மாடு, முதுகுவலி. நீ சலித்துக்கொள்கிறாயே, அதே பட்டியல். "அங்கால மழையா?" என்று ஒருவர் கேட்பார். மழை இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், வெயில் உச்சந்தலையைச் சுடும். "தூறல்தான், போகலாம்" என்று பதில் வந்தால் அவர் சைக்கிளைப் பாதையில் ஏற்றுவார். "நல்லாக் கறுத்திருக்கு" என்றால் வந்த வழியே திரும்புவார்.

பாலம் வந்தது நல்ல காரியம். பாதை அக்கரையில் நிற்க, இக்கரையில் பிள்ளைத்தாச்சி துடித்ததை எல்லாம் கண்டவன் நான். பாலத்தைப் பற்றி எவனாவது கவிதை எழுதி அழுதால் எனக்குக் கோபம் வரும். ஆனால் போன கிழமை மோட்டார் சைக்கிளில் இரண்டு நிமிடத்தில் அக்கரைக்குப் போய்விட்டேன், வழியில் ஒரு மனிதரோடும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் தோன்றியது, துறையடியில் நின்ற அந்தச் சனமெல்லாம் இப்போது எங்கே நிற்கிறது என்று. உன் கடிதம் வந்தது. உன்னுடைய குறூப்தான் துறையடி. அங்கே போய் நின்றுகொண்டு, ஏன் இவர்கள் பயனுள்ளதைப் பேசுகிறார்கள் இல்லை என்று கேட்கிறாய்.

இன்னொன்று, நீ எழுதுவதில்லை, வாசிக்க மட்டும் செய்கிறாய் என்றாய். அந்தக் காலத்தில் துறையில் ஒருவன் வாய் திறக்காமல், எல்லாருடைய கதையையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றால் அவனை நாங்கள் யார் என்று நினைத்தோம் தெரியுமா? நான் சொல்ல வேண்டியதில்லை, மட்டக்களப்பில் பிறந்த பிள்ளைக்கு விளங்கும்.

எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா இருந்தா. சொந்தப் பெரியம்மா இல்லை, நாலாம் வளவு. மகன் சவூதியில். அவவுக்கு எழுத்துத் தெரியாது, ஓ.எல். படித்துக்கொண்டிருந்த நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். நீல நிற ஏரோகிறாம், மடித்து ஒட்டினால் அதுவே உறை. இடம் கொஞ்சம்தான். நான் பெரிய மனிசன் மாதிரி "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கப் போவேன். பெரியம்மா விட மாட்டா.

"அத விடு மனே. சுகமில்லாட்டித் தந்தி வரும். நீ கோழிய எழுது."

கோழியை எழுதினேன். வெள்ளைப் பேடு அடைகிடந்து ஏழு குஞ்சு பொரித்தது, ஒன்றைக் கீரி கொண்டுபோனது. கச்சான் காற்றுக்கு முருங்கை முறிந்து மாட்டுக் கொட்டிலின் மேல் விழுந்தது, மாட்டுக்கு ஒன்றும் இல்லை. கண்ணகி அம்மன் குளுத்திச் சடங்குக்கு மச்சான்காரன் புதுச் சாறனோடு வந்து சேற்றில் இருந்தது. காசு அனுப்பு என்று ஒரு சொல் இல்லை. சுகமா என்று ஒரு சொல் இல்லை. எனக்கு எழுதவே வெட்கமாக இருந்தது, இதற்கு முத்திரைக் காசும் செலவா என்று. மகனிடமிருந்து பதில் வந்தது. அதை வாசித்துக் காட்டியதும் நான்தான். "றூமில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன். கிண்ணியாப் பொடியன் ஒருத்தன் கேக்கிறான், கீரிய அடிச்சாச்சா எண்டு. மத்த ஆறும் நிக்கா?"

பக்கத்து வளவுகளுக்கும் நான்தான் எழுதினேன். கூரைக்குக் காசு, தங்கச்சியின் சீதனம், அப்பாவின் நெஞ்சுவலி, எல்லாம் பயனுள்ள விஷயங்கள். அவற்றுக்குக் காசு வந்தது, கடிதம் வந்தது குறைவு.

பெரியம்மா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கெட்ட சேதிக்கு எந்தக் காலத்திலும் வாகனம் இருந்தது. தந்தி இருந்தது, வானொலியில் மரண அறிவித்தல் இருந்தது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் இந்த மாவட்டம் தலைகீழாகிப் போனதை வானொலி நாடு முழுக்கச் சொன்னது. கொழும்பில் இருந்த என் சித்தப்பாவும் கேட்டார். கிணற்றடித் தென்னை நிற்கிறதா என்ற அவருடைய கேள்விக்குத்தான் பதில் சொல்ல ஆள் இல்லை. வந்து பார்க்கும்வரைக்கும் மனிசன் அந்தத் தென்னையையே கேட்டுக்கொண்டு இருந்தாராம். ஒரு தென்னை விழுந்ததா நின்றதா என்று சொல்ல, அதைச் சொல்வதற்குக் கூச்சப்படாத ஒரு ஆள் வேண்டும். உன் குறூப்பில் அப்படி ஒரு பட்டாளமே இருக்கிறது, உனக்கு அது பாரமாக இருக்கிறது.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் எந்தப் பெற்றோல் செட்டுக்கு பவுசர் வந்தது, எங்கே காஸ் கொடுக்கிறார்கள் என்று இதே மாதிரிக் குறூப்புகள்தான் சொல்லின. உன்னுடையதும் சொல்லியிருக்கும். அதை நான் காரணமாக வைக்கப் போவதில்லை. வைத்தால் "பார்த்தீர்களா சேர், பயன் இருக்கிறது" என்று நீ சமாதானமாகி விடுவாய். நீ அப்படிச் சமாதானமாவது எனக்கு வேண்டாம்.

ஏச வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டாய். பனித்துளி வைத்த ரோசாப்பூவில் "இனிய காலை வணக்கம்" என்று வேறு யாரோ செய்த படத்தைத் தள்ளிவிடுகிறவர்கள். கொய்யா இலையை அவித்துக் குடித்தால் சீனி வருத்தம் போகும், பத்துப் பேருக்குப் பகிருங்கள் என்கிறவர்கள். வருடம் முழுக்க மூச்சு விடாமல் இருந்துவிட்டு, யாராவது செத்தால் மட்டும் கைகூப்புப் படத்தோடு வருகிறவர்கள். இவர்கள் எல்லாம் உன் கணக்கில் பயனுள்ளவர்கள், ஏனென்றால் வாழ்த்து, மருத்துவம், அனுதாபம். "எழும்பிட்டன்" என்று தன் கையால் தட்டி அனுப்புகிறவ பயனில்லாதவ.

அந்த "எழும்பிட்டன்" உனக்கு ஏழு மணிக்கு வருகிறது என்றாய். வங்கியில் வேலை செய்கிறாய், ஒரு கழித்தல் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாதா? கத்தார் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவ எழும்புவது நாலரைக்கு. நீ அவ என்ன வேலை என்று எழுதவில்லை. எனக்கென்னவோ உனக்குத் தெரியாது என்றுதான் படுகிறது. நாலரைக்கு எழும்புகிற ஒரு பெண்பிள்ளை, பக்கத்தில் தமிழ் விளங்குகிற ஒரு உயிர் இருக்கிறதோ இல்லையோ, எழும்பிவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னவுடன் கனடாவில் ஒருத்தர், அங்கே அப்போது இரவு, "நான் படுக்கப் போறன்" என்கிறார். பூமியின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் பாய் சுருட்டுகிறார்கள், பாய் விரிக்கிறார்கள். நடுவில் நீ பல் துலக்கிக்கொண்டு பயன் எங்கே என்று தேடுகிறாய்.

வெறுங்கதை சுலபம் என்று நினைக்காதே. பத்துப் பதினைந்து வசனம் தொடர்ச்சியாக எழுதச் சொன்னால் படித்தவர்களே தடுமாறுவார்கள். "சாப்பிட்டன்" என்று எழுதுவது சோம்பேறித்தனம். பாரை மீன் பாலாணம் (தேங்காய்ப்பால் குழம்பு), முருங்கை இலைச் சுண்டல், உப்புக் கொஞ்சம் தூக்கல், மாமி முகத்தைச் சுழித்தா என்று எழுத வேண்டும். "மழை" என்றால் எந்தப் பக்கத்து மழை? வாவியின் அந்தப் பக்கம் கொட்டும்போது இந்தப் பக்கம் நெல் காய வைத்திருப்பார்கள், அதைச் சொல்ல வேண்டும். முதுகுவலிக்கு என்ன எண்ணெய், தேய்த்துவிட்டது யார், தேய்த்தவர் என்ன முணுமுணுத்தார். பொத்துவில் தம்பி நக்கலடிக்கிறான் என்றாய். அவன்தான் அங்கே உண்மையாக வேலை செய்கிறவன். எல்லார் சொல்வதையும் கவனமாக வாசிக்காமல் ஒருவரையும் நக்கலடிக்க முடியாது. எட்டாம் ஆண்டில் "எங்கள் வீட்டுப் பசு" என்று கட்டுரை தந்தபோது பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு, பசு பால் தரும் என்று எழுதிக் கொண்டுவந்த வகுப்பு உங்களது. பசு யாரை முட்டியது என்று ஒரு பிள்ளைகூட எழுதவில்லை.

விலகலாமா என்று கேட்டாய். விலகு, அது உன் விருப்பம். வாய் திறக்காமல் நின்றவள் போனால் துறையில் யாரும் தேட மாட்டார்கள். போக மனமில்லை என்றால், பயனுள்ளதைப் பேசுங்கள் என்ற அந்தப் பிரசங்கத்தை மட்டும் செய்துவிடாதே. நாளைக்கு ஏழு மணிக்கு "எழும்பிட்டன்" வந்ததும் அந்த அக்காவிடம் "இண்டைக்கு என்ன ஆணம்?" என்று கேள். அவ சொன்னால் அதோடு விடாதே. தேங்காய் திருவிப் பிழிந்ததா, பக்கற் மாப்பாலா என்று கேள். தோஹாவில் நாலரை மணிக்கு யாரடி தேங்காய் திருவுவது என்று ஏசுவா. ஏசட்டும்.