ஏற்றத் தெரிந்தது, இறக்கத் தெரியவில்லை

கேள்வி: எனக்கு உச்சந்தலையில் இருக்கும் சகஸ்ரார சக்கரம் அடைபட்டிருக்கிறது என்கிறார்கள். தியானமும் டைரி எழுதுவதும் அதைச் சரிசெய்யுமா?

இதைச் சொன்னவர் கையோடு ஓர் ஊதாக் கல்லையும் நீட்டியிருப்பாரே? நான் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். சக்கரங்களைப் பற்றிய பழைய நூலான பூர்ணானந்தரின் ஷட்சக்ர நிரூபணத்தில் (1577) சக்கரங்கள் ஆறுதான். சகஸ்ராரம் என்ற ஆயிரம் இதழ்த் தாமரை அந்த ஆறுக்கும் மேலே, முழுநிலவைவிட வெண்மையாக, முகம் கவிழ்ந்து இருக்கிறது. ஊதா, வானவில் வரிசையெல்லாம் வெகு பின்னால் மேல்நாட்டார் ஒட்டவைத்தவை. கல் வாங்கியபின்தான் இதைப் படித்தேன்.

வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் உச்சியில் மனம் வைப்பதற்குத் துரிய தவம் என்று பெயர். முதலில் புருவமத்தியில் ஆக்கினை, அப்புறம் மூலாதாரத்தில் சாந்தி, அதன் பிறகே துரியம். எனக்குப் பொறுமை ஏது? தீட்சை வாங்கிய மறுவாரமே காலையில் இருபது, இரவில் நாற்பது நிமிடம் என்று உச்சியிலேயே நின்றேன். பத்தாம் நாள் தலையில் தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி சூடு. தூக்கம் போனது. யாராவது கரண்டியைக் கீழே போட்டால்கூட எரிந்து விழுந்தேன். மன்றத்தில் சொல்லித் தரும் அருள்நிதியர் அம்மா சிரித்தார். “ஏத்துனா போதுமா கண்ணு, எறக்க வேண்டாமா?” சாந்தி தவத்துக்குத் திரும்பியதும் நாலைந்து நாளில் தூக்கம் வந்தது.

ஆதாரம் கேட்டு வருபவர்களுக்கு: ஸ்கேனில் எந்தச் சக்கரமும் தெரியாது, எனக்கும் தெரியும். தலைபாரத்தில் பாதி கண்ணாடி பவர் கூடியதால் என்று கண் டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஆனால் என்னை மாற்றியது டைரி நோட்டுதான். மன்றத்தில் அதற்கு அகத்தாய்வு என்று பெயர். யார் மீது கோபம், எதனால், எத்தனை முறை என்று பட்டியல் போட வேண்டும். கவலைகளையும் நான்காகப் பிரிக்கச் சொல்வார்கள்: உடனே தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை. ஒரு மாதம் எழுதினேன். இருபத்துமூன்று கோபத்தில் பதினேழு, சாயங்காலம் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே! மதியம் சரியாகச் சாப்பிடாமல் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நேரம் அது. இதற்குச் சகஸ்ராரம் என்ன செய்யும்? நாலு மணிக்கு ரெண்டு இட்லி சாப்பிட ஆரம்பித்தேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் வீட்டுக்காரர் தவத்துக்குக் கண்ணை மூடினால் வீடே டிவியை நிறுத்தும். நான் மூடினால் “சக்கரை டப்பா எங்க?” என்று கதவைத் திறப்பார்கள். இதையும் எழுதினேன், ஏழு முறை.

ஒருநாள் நோட்டு அத்தை கையில் சிக்கியது. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “அந்த வளையல் சமாச்சாரத்த இன்னுமா நெனச்சுட்டிருக்க?” பன்னிரண்டு வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசியது அன்றுதான். வளையல் திரும்பி வரவில்லை. அந்த வரியை மட்டும் ‘அலட்சியப்படுத்த வேண்டியவை’ பக்கத்துக்கு மாற்றினேன், பென்சிலால்.