ஹைட்ரஜன் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

"வானத்து வாயுவைப் படித்தால் சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டீர்கள். கேலக்ஸி எனும் பெரும் நட்சத்திரத் திரள்களில் உள்ள ஹைட்ரஜன் வாயுவை ரேடியோ அலை வழியாக ஆராயும் வானியலைப் படிக்க உங்கள் மகள் ஆசைப்படுகிறாள். நியாயமான கேள்விதான். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போன் பேச வெளியே போயிருந்தபோது அவள் ரஃப் நோட்டில் ஒரு கேலக்ஸியின் ஹைட்ரஜன் சிக்னலைப் படமாகப் போட்டாள். இரண்டு பக்கமும் கொம்பு, நடுவில் பள்ளம். கேலக்ஸி சுழலும்போது ஒரு பக்கத்து ஹைட்ரஜன் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கத்து வாயு விலகிப் போகிறது. அதனால் ஹைட்ரஜன் வெளியிடும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலை இப்படி விரிந்து தெரிகிறது. அந்த அகலமும் கேலக்ஸியின் சாய்வும் தெரிந்தால் சுழலும் வேகத்தைக் கணக்கிடலாம் என்றாள். பிளஸ் டூ பாடத்தில் இது இல்லை. தானே தேடிப் பிடித்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இது சின்னத் துறையும் இல்லை. போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில் நடந்த அல்ஃபால்ஃபா கணக்கெடுப்பு மட்டுமே 31,000-க்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் ஹைட்ரஜனைப் பதிவு செய்தது. நம் நாட்டில், புனே அருகே கோடத் கிராமப் பகுதியில் 45 மீட்டர் டிஷ்கள் 30 நிற்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே ரேடியோ தொலைநோக்கி, ஜி.எம்.ஆர்.டி. என்பார்கள். 7,653 கேலக்ஸிகளின் மெல்லிய சிக்னலை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஹைட்ரஜனை அளந்து 2020-இல் வெளியிட்டது அங்கேதான்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். மறைக்க மாட்டேன்: பிஎச்.டி. முடிக்க ஐந்தாறு வருடம் ஆகும், அப்புறம் நிரந்தர விஞ்ஞானி இடங்கள் குறைவு. ஆனால் அந்த வருடங்களில் கைக்காசு போடத் தேவையில்லை, ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரைச்சலுக்குள்ளிருந்து சிக்னலைப் பிரிப்பதும் பைத்தானில் டேட்டாவைக் கையாள்வதும் இந்தப் படிப்பில் அன்றாட வேலை. விஞ்ஞானி இடம் அமையாவிட்டால் ஐ.டி.யிலும் தகவல்தொடர்புத் துறையிலும் பிழைக்க அந்தக் கைத்திறன் போதும்.

அவள் அப்பா இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்புப் பொறியியல்) என்கிறார், அவள் இயற்பியல் என்கிறாள். வீட்டில் இதற்காகச் சண்டை வேண்டாம். ரிசீவர், ஆன்டெனா எல்லாம் இ.சி.இ. ஆட்களின் வேலை. பி.இ. முடித்தவர்களும் இத்துறையில் பிஎச்.டி. சேர்கிறார்கள். என்னைக் கேட்டால் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமான ஐசர்தான் முதல் சாய்ஸ், அதன் நுழைவுத் தேர்வான ஐ.ஏ.டி.க்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறாள், அதில் மட்டும் இப்போதே கவனம் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். அந்த இரட்டைக் கொம்புப் படத்தை அவருக்கும் அவளே போட்டுக் காட்டட்டும்.