ஜிபே-யில் ஒரு பெயர், ஊர் கூப்பிடுவது ஒரு பெயர்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருந்து சீசனில் செந்தூரா, பங்கனப்பள்ளி பெட்டி போட்டு அனுப்புகிறேன். இன்ஸ்டாகிராமில் விளையாட்டாக வைத்த ‘மாங்கா மாப்ள’ இப்போது மண்டியிலும் என் பெயராகிவிட்டது. ஆனால் ஜிபே-யில் வேறு பெயர் வருவதால் பெங்களூருக்காரர்கள் பணம் போடத் தயங்குகிறார்கள். அந்தப் பெயருக்கு வந்த பார்சலையும் அடையாள அட்டை கேட்டுத் திருப்பிவிட்டார்கள். பெயரை மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் விட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டால், பெட்டி ஸ்டிக்கரைப் பார்த்துத் தேடுபவர் அவரிடம்தான் போய் நிற்பார்.

பணம் விஷயம் உங்கள் கையில் இல்லை. 2025 ஜூன் 30 முதல் யுபிஐ ஆப்களில் பணம் பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயர்தான் தெரிய வேண்டும் என்பது, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் விதி. க்யூஆர் அட்டையில் எதை அச்சடித்தாலும் பலனில்லை. இன்றைக்கே செய்யக்கூடியது, ‘பணம் போடும்போது இந்தப் பெயர் வரும்’ என்று பயோவிலும் பில்லிலும் போடுவது. பாஸ்புக்கில் இருக்கிற அதே ஸ்பெல்லிங்கில் போடுங்கள், இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னாலேயே.

நிரந்தர வழி, கடைப் பெயரில் கரண்ட் அக்கவுண்ட். முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ஆன்லைன் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. இதற்குக் காசு கேட்கும் ஏஜென்டைத் தவிருங்கள். 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வியாபாரத்துக்கும் இது உண்டு. பொதுவாக வங்கி, கடைப் பெயரில் இரண்டு ஆவணம் கேட்கும்: உத்யம் ஒன்று, ஜிஎஸ்டியோ உள்ளாட்சி லைசென்ஸோ கடை பெயரில் உள்ள மின் கட்டண ரசீதோ இன்னொன்று. இழுபறி ஆவது இங்கேதான். ஒன்றில் ‘மாங்கா’, இன்னொன்றில் ‘மாங்காய்’ என்றிருந்தால் ஃபைல் திரும்பி வரும். யூசர்நேமில் உள்ள அண்டர்ஸ்கோர், எண்களை ஆவணத்தில் விட்டுவிட்டு, ஒரே ஸ்பெல்லிங்கை எல்லாவற்றிலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் முகவரியில் முதல் வரி ஆதார் பெயர், இரண்டாவது வரி கடைப் பெயர். அவ்வளவுதான்.

இன்ஸ்டா கணக்கு எந்த சிம்மில் இருக்கிறது? தம்பியோ நண்பனோ வாங்கிக் கொடுத்த சிம் என்றால் உங்கள் பெயரில் உள்ள எண்ணுக்கு மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். சீசன் நடுவில் கணக்கு பறிபோனால், புதுக் கணக்கைத்தான் போலி என்பார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள்: மொய் நோட்டு. அங்கே அப்பா பெயரும் ஊரும் சேர்த்துச் சொல்லுங்கள். பல வருஷம் கழித்துத் திருப்பிச் செய்ய நோட்டைப் புரட்டுகிற பெரியவர்களுக்கு இன்ஸ்டாகிராம் தெரியாது.