எடை இறங்காத வாரங்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உணவு பற்றியும் உடல்நலம் பற்றியும் நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். எனக்கு 44 வயது. திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு இறுதியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகத் தெரிந்தது. எடையைக் குறைத்தால் இப்போதைக்கு மாத்திரை வேண்டியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். அப்போது என் எடை 78 கிலோ, உயரம் 156 செ.மீ.

சில ஆண்டுகளுக்கு முன், சோற்றையும் தானியங்களையும் விட்டு இறைச்சி, முட்டை, காய்கறி என்று உண்ணும் பேலியோ முறையில் 13 கிலோ குறைத்து, ஓராண்டுக்குள் அத்தனையையும் திரும்பப் பெற்றவள் என்பதால், இந்த முறை நிதானமாகத் தொடங்கினேன். சோற்றைப் பாதியாக்கினேன், தேநீரில் சர்க்கரையை நிறுத்தினேன், மாலையில் மொட்டை மாடியில் எட்டு வடிவில் 40 நிமிடம் நடக்கிறேன். ஐந்து மாதத்தில் 71 கிலோவுக்கு வந்தேன். அதன் பிறகு பத்து வாரங்களாக ஒரு கிலோகூட இறங்கவில்லை. எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்கிறார் கணவர். உறவினர் வீட்டுத் திருமணத்திலோ, "என்ன இப்படி இளைத்துவிட்டாய், சர்க்கரையா?" என்று நான்கு பேர் முன்னால் கேட்கிறார்கள். வீட்டில் எனக்குத் துணை என் மகள்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். தினமும் காலையில் என்னோடு சேர்ந்து அவளும் எடை பார்த்துக்கொள்கிறாள், இரவில் எனக்காகச் சாப்பாட்டைக்கூடத் தவிர்க்கிறாள்.

என் கேள்விகள் இவை. உண்மையிலேயே என் மனவுறுதிதான் குறைவா? இரவு உணவை அடியோடு நிறுத்திவிடலாமா? எடை குறைக்க இப்போது ஊசி வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, அதைப் போட்டுக்கொள்ளலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் 78-இலிருந்து 71-க்கு வந்த செய்திக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. மிச்சமெல்லாம் அந்தப் பத்து வாரங்களைப் பற்றியது. ஆகவே அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் குறைத்திருப்பது உங்கள் எடையில் 9 சதவீதம். உங்களைப் போலச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2002-இல் முடிவுகளை வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்றில், வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட குழுவினருக்கு வைக்கப்பட்ட இலக்கே 7 சதவீத எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும்தான். ஒப்பீட்டுக்காக மருந்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிடும்போது அக்குழுவில் நீரிழிவு வந்தவர்கள் 58 சதவீதம் குறைவு. மருத்துவர் உங்களிடம் எந்த நோக்கத்துக்காக எடையைக் குறைக்கச் சொன்னாரோ, அந்த நோக்கத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் இலக்கைத் தாண்டித்தான் நிற்கிறீர்கள்.

இனி, எடை ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். உணவைக் குறைத்த முதல் சில வாரங்களில் எடை வேகமாக இறங்குவதற்குக் கொழுப்பு கரைவது மட்டும் காரணமன்று. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தும், அதனோடு ஒட்டியிருக்கும் அதைப்போல் மூன்று மடங்கு நீரும் அப்போது வெளியேறுகின்றன. அந்த வேகம் நிலைக்காது. பிறகு, 71 கிலோ உடலுக்கு 78 கிலோ உடலைவிடக் குறைந்த ஆற்றலே போதும். அதே மாடியில் அதே 40 நிமிடம் நடந்தாலும் இப்போது செலவாவது குறைவுதான். இவற்றுக்கும் மேலாக, இழந்ததை மீட்க உடல் தன் பங்குக்கு முயல்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஐம்பது பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் பத்து வாரத்தில் சராசரியாகப் பதின்மூன்று கிலோவுக்கும் மேல் இழந்த அவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் உயர்ந்தும், போதும் என்று சொல்ல வேண்டிய லெப்டின் முதலிய ஹார்மோன்கள் தாழ்ந்துமே இருந்தன. முன்னைவிட அதிகமாகப் பசிக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். ஓராண்டு கழித்தும் உடல் மறக்கவில்லை என்றால், பத்து வாரத்தில் உங்களுக்குப் பசிப்பதில் வியப்பில்லை. இதற்கு மனக்கட்டுப்பாடின்மை என்று பெயர் வைப்பது அநியாயம் என்பதை உங்கள் கணவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பேலியோவில் குறைந்த 13 கிலோ திரும்பி வந்ததையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். அம்முறையால் பயன்பெற்றவர்கள் தமிழ்நாட்டில் பலர் உண்டு. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் சோறும் குழம்பும் வைத்துவிட்டுத் தனக்கு மட்டும் வேறு சமைத்துக்கொள்ளும் ஒரு முறையை, வேலைக்கும் போகும் ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுவது மிகக் கடினம். குழுக்களில் பகிரப்படும் "முன்பு – பின்பு" புகைப்படங்கள் எல்லாம் எடை இறங்கிய நாளில் எடுக்கப்பட்டவை. அதே மனிதரை மூன்றாம் ஆண்டில் எடுத்த படத்தை நாம் பார்ப்பதே இல்லை. நீங்கள் இந்த முறை தேர்ந்தெடுத்திருப்பது குடும்பத்தோடு ஒரே பாத்திரத்திலிருந்து உண்ணக்கூடிய முறை. பத்து வாரமாக எடை ஏறவில்லை என்பதே அது நிற்கக்கூடிய முறை என்பதற்குச் சான்று.

இந்தப் பத்து வாரமும் வீணாகப் போயிற்று என்று நீங்கள் கருதுவதால், நம் ஊரில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. சர்க்கரையையும் எண்ணெயையும் மாவுப்பண்டங்களையும் குறைத்து, தினமும் நடந்தவர்களில் அது 39 சதவீதம். அந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் செய்தி இனிமேல்தான் வருகிறது. நோய் இவ்வளவு தள்ளிப்போன அவர்களுடைய எடையில் குறிப்பிடத்தக்க இறக்கம் எதுவும் ஏற்படவில்லை. எடை அப்படியே இருக்க, உள்ளே உடல் மாறியிருக்கிறது. அவர்கள் அமெரிக்கர்களைவிட எடை குறைவாகவே தொடங்கியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு உடல் பருமனாகத் தெரியாதபோதே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து நோய் வந்துவிடுகிறது. எடை இயந்திரம் காட்டும் எண் ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எனவே எடை பார்ப்பதை வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், ஊறுகாயும் அப்பளமும் கூடிய விருந்துக்கு மறுநாளும் உடலில் நீர் தங்கி ஒன்றிரண்டு கிலோ கூடிக் காட்டுவது இயல்பு. அதைக் கொழுப்பு என்று எண்ணிக் காலையிலேயே மனம் ஒடிய வேண்டாம். அதற்குப் பதிலாக, தையற்கடை அளவுநாடா ஒன்றை வாங்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மாதம் ஒரு முறை சுற்றளவு எடுத்துக் குறித்து வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். அதைவிட முக்கியமாக, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை மறுபடி பரிசோதித்துப் பார்த்தீர்களா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. இத்தனை பாடும் அதற்காகத்தானே? அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதோடு தைராய்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இரவு உணவை அடியோடு நிறுத்த வேண்டாம் என்பதே என் எண்ணம். பகல் முழுக்க வேலை செய்து மாலையில் நடந்துவிட்டு வந்த உடலைப் பட்டினி போட்டால், பத்து மணிக்கு மிக்சர் டப்பா திறக்கும். நேரத்தோடு அளவாக உண்பதுதான் நிற்கும். அளவு என்று வரும்போது, தட்டில் வைத்த சோற்றை மட்டுமே நாம் கணக்கில் எடுக்கிறோம். பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, குழம்புச் சட்டியில் ஒட்டியிருக்கிறதே என்று பிசைந்த ஒரு கை சோறு, வீணாகிவிடுமே என்று உண்ட மதியத்துப் பொரியல் ஆகியவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எடை குறைக்க முயலும் ஆண்களுக்குப் பெரும்பாலும் இல்லாத சிக்கல் இது. உணவை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்துக்கு வீட்டிலுள்ள ஒரே ஒரு பெண்ணின் வயிறு பொறுப்பேற்க வேண்டியதில்லை. மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைக்கலாம், மறுநாள் குறைவாகச் சமைக்கலாம்.

எண்ணெயையும் கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி, அதாவது ஏறத்தாழ இரண்டு இட்லி. தாளிப்பதற்குப் புட்டியிலிருந்து நேரே ஊற்றும் பழக்கத்தை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றினாலே உங்கள் வீட்டின் எண்ணெய்ச் செலவு உங்களுக்குத் தெரிந்துவிடும். சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, அரிசிக்குப் பதில் சாமை, குதிரைவாலி என்று மாறினால் மட்டும் எடை இறங்கிவிடாது. சிறுதானியங்களில் நார்ச்சத்து கூடுதல் என்பது நன்மைதான். ஆனால் கலோரியில் அவை அரிசிக்கு அருகில்தான் இருக்கின்றன, ஆகவே அளவில்லாமல் உண்ணலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

நீங்கள் குறைத்தவற்றைப் பட்டியலிட்டிருக்கிறீர்கள், கூட்டியது எது என்று சொல்லவில்லை. உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். இரண்டு இட்லியும் பாதிச் சோறும் இரசமும் என்று நாளைக் கடத்தினால் அதில் பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. சுண்டல், பாசிப்பயறு, தயிர், மீன் ஆகியவற்றில் எது உங்கள் வீட்டில் எளிதோ அதை ஒவ்வொரு வேளையிலும் சேருங்கள். புரதம் போதாமல் எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். நாற்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அந்த இழப்பை ஈடுகட்டுவது எளிதன்று. நடையோடு சேர்த்து, கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதையும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். மூட்டுவலி இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

ஊசி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். செமாக்ளூடைட் முதலிய மருந்துகள் பசியைக் குறைத்து எடையை நன்றாகவே இறக்குகின்றன. தேவையுள்ளவர்கள் அவற்றைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியிருந்தது. செலவும் பக்கவிளைவுகளும் உள்ள நெடுநாள் மருத்துவம் அது. பத்து வாரத் தேக்கத்தைப் போக்கும் குறுக்குவழியாக அதை எண்ணாமல், சர்க்கரை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

திருமண வீட்டில் கேட்டவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பருத்தாலும் இளைத்தாலும் ஒரு பெண்ணின் உடலைப் பந்தியில் வைத்து விசாரிப்பது நம்மிடம் நலம் விசாரிப்பாகவே நடந்துவருகிறது. "நன்றாக இருக்கிறேன் அத்தை, நடக்கிறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். கணவரிடம் மட்டும் பேசித்தான் ஆக வேண்டும். கட்டுப்பாட்டைப் பற்றி அறிவுரை தருவதற்குப் பதிலாக, நீங்கள் மாடியில் நடக்கும் அந்த 40 நிமிடம் அவர் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளட்டும்; முடிந்தால் உங்களோடு சேர்ந்து நடக்கட்டும். எல்லைக்கோட்டுச் சர்க்கரை உள்ள வீட்டில் மற்றவர்களும் அதே எண்ணெயையும் அதே இனிப்பையும்தான் உண்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது, துணை என்று நீங்கள் மகிழ்ந்து எழுதிய வரிதான். பத்தாம் வகுப்புப் பெண் தினமும் எடை பார்ப்பதும் இரவு உணவைத் தவிர்ப்பதும் துணை ஆகாது. அது எலும்பும் இரத்தமும் பெருகும் வயது. அவள் உடலுக்கு உணவு குறையக் கூடாத காலம். எடை இயந்திரத்தை அவள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அவள் காதுபட உங்கள் வயிற்றையோ எடையையோ குறைத்துப் பேசாதீர்கள். "எனக்காகச் சாப்பிடாமல் இருக்காதே, என்னோடு உட்கார்ந்து சாப்பிடு" என்று சொல்லி இரவில் அவளருகே அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள். நடக்க ஆசைப்பட்டால் தாராளமாக உங்களோடு நடக்கட்டும். அப்படியும் அவள் உணவை ஒளிப்பதோ, உண்டபின் குளியலறைக்குள் நெடுநேரம் இருப்பதோ, மாதவிடாய் தள்ளிப்போவதோ, எடை தொடர்ந்து இறங்குவதோ தெரிந்தால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னால் தயங்காதீர்கள். உங்கள் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். மகள் எப்படி இருக்கிறாள் என்பதையும் அதில் தெரிவியுங்கள்.

அன்புடன்.