தனி கிராஃபிக்ஸ் கார்டு எப்போது தேவை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மேசைக்கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க எண்ணியுள்ளேன். கடிதங்கள், கணக்குத் தாள்கள், இணையம், திரைப்படம் பார்ப்பது ஆகியவைதாம் என் அன்றாட வேலைகள். அவ்வப்போது புகைப்படங்களைத் திருத்துவேன். மதர்போர்டிலேயே கிராஃபிக்ஸ் இருக்கும்போது தனி கார்டு வீண் செலவு என்கிறார் ஒரு நண்பர். தனி கார்டு இல்லாத கணினி ஆறே மாதத்தில் திணறத் தொடங்கிவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு முதல் நண்பரின் பேச்சைக் கேளுங்கள், தனி கார்டு தேவையில்லை. ஆனால் பாகங்களை வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதர்போர்டின் துணைச் சில்லான சிப்செட்டில் இருந்துவந்த கிராஃபிக்ஸ் பகுதியை இன்டெல் நிறுவனம் 2010இல் கணினியின் மையக் கணக்கீட்டுச் சில்லான பிராசஸரின் உறைக்குள் கொண்டுவந்தது. 2011இல் வெளியான சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களில் இரண்டும் ஒரே சில்லில் அமைந்தன. ஏ.எம்.டி. நிறுவனமும் அதே ஆண்டில் அந்த வழிக்கு வந்தது. எனவே இன்று மதர்போர்டின் பின்புறத்தில் இருப்பவை மானிட்டர் கேபிளைச் செருகுவதற்கான துளைகள் மட்டுமே; படத்தை உருவாக்கும் பொறுப்பு பிராசஸருடையது. மதர்போர்டில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதே என்று நம்பி, கிராஃபிக்ஸ் பகுதியே இல்லாத பிராசஸரை வாங்கிவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். ஏ.எம்.டி.யின் மேசைக்கணினி ரைசன்களில் 5000 வரிசை வரை ‘ஜி’ எழுத்துள்ளவற்றில் மட்டுமே அது உண்டு. 2022இல் வந்த 7000 வரிசை முதல் பெரும்பாலானவற்றில் இருக்கிறது, ‘எஃப்’ எழுத்துள்ளவை அங்கும் விலக்கு.

இரண்டாவது நண்பரின் அச்சத்துக்கும் ஓர் அடிப்படை இருக்கிறது, ஆனால் அவர் காரணத்தை வேறிடத்தில் தேடுகிறார். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. தனக்கு வேண்டியதைக் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ரேம் 8 ஜி.பி. மட்டுமே இருந்தால், அதில் ஒரு பங்கு படத்துக்குப் போக, மீதியில் விண்டோஸும் இணைய உலாவியும் இடநெருக்கடியோடு ஓட வேண்டியிருக்கும். இந்த நெருக்கடியால் வரும் திணறலைத்தான் பலரும் கிராஃபிக்ஸின் குறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். கார்டுக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை எடுத்து ரேமை 16 ஜி.பி. ஆக்குங்கள், அதையும் ஒரே அட்டையாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி. அட்டைகளாக வாங்குங்கள். 3200 வேகத்தில் ஓடும் டி.டி.ஆர்.4 ரேம் அட்டை ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. தரவைக் கடத்தும்; இரண்டை உரிய ஸ்லாட்டுகளில், அதாவது நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்தினால், அது 51.2 ஜி.பி. ஆக இரட்டிக்கும். உள்ளமைந்த கிராஃபிக்ஸின் வேகம் பெருமளவு இந்த ஓட்டத்தையே நம்பியிருக்கிறது என்பதால், ஒற்றை ரேம் அட்டையோடு கணினியை விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது உங்களிடம் ஏதேனும் ஒரு கணினி இருந்தால் ஐயத்தை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குச் சென்று, வழக்கமாகச் செய்யும் வேலைகளிலேயே கனமானதைச் செய்தபடி அங்குள்ள கோடுகளைப் பாருங்கள். கணினி திணறும் அந்த நேரத்தில் மெமரியின் கோடு உச்சியில் நின்றால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வேண்டும். ஜி.பி.யு., அதாவது கிராஃபிக்ஸ் பகுதியின் கோடு நெடுநேரம் உச்சியிலேயே நின்றால்தான் கார்டைப் பற்றிய பேச்சே எழ வேண்டும். உங்கள் பட்டியலில் அதற்கு வாய்ப்புள்ள வேலை ஒன்றுதான்: புகைப்படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் நாய்ஸைச் செயற்கை நுண்ணறிவால் நீக்கும் வசதி. அதை எப்போதாவது பயன்படுத்துபவர் சற்றுக் காத்திருந்தால் போதும்.

கேள்வி: என் மகள் கட்டடக் கலை படிக்கிறாள், மகன் விளையாட்டுப் பிரியன். இருவருக்கும் சேர்த்து ஒரே கணினி. இதற்கும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் போதும் என்பீர்களா?

பதில்: மாட்டேன். உங்கள் வீட்டுக்குத் தனி கார்டு வேண்டும். அதுவும் இருவரில் மகளின் படிப்புக்கே முதலில் வேண்டும். தளவரைபடம் போன்ற இருபரிமாண வரைபடங்களை உள்ளமைந்த கிராஃபிக்ஸே தாங்கும். ஆனால் அவர் ஒரு கட்டடத்தை முப்பரிமாணத்தில் எழுப்பி, சுவருக்கும் தரைக்கும் உரிய மேற்பரப்பைக் கொடுத்து, வெளிச்சம் விழும் முறையைக் கணக்கிட்டுப் படமாக்கும் கட்டத்துக்கு வரும்போது, அந்தக் காட்சியின் வடிவங்களும் மேற்பரப்புப் படங்களும் கார்டின் நினைவகத்தில் ஒருசேர இருந்தாக வேண்டும். கணக்கீடோ ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளாகப் பிரிந்து ஓட வேண்டும். தனி கார்டு இந்த இரண்டுக்காகவே கட்டமைக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, 12 ஜி.பி. நினைவகம் கொண்ட ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 360 ஜி.பி. தரவைப் பெறுகிறது. முன்னே சொன்ன இரட்டை ரேமின் 51.2 ஜி.பி.யோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், அந்த 51.2ஐயும் பிராசஸரும் கிராஃபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கார்டைத் தேர்ந்தெடுக்கும் முன், மகளின் பாடத்திட்டத்தில் உள்ள மென்பொருள்களின் பெயர்களை வாங்கி, அவை எந்த நிறுவனத்தின் கார்டுகளை ஆதரிக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். என்விடியா 2007இல் கொண்டுவந்த ‘கூடா’ என்ற, கார்டைப் பொதுக் கணக்கீட்டுக்கும் பயன்படுத்தும் ஏற்பாட்டை மட்டுமே நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் இன்னும் பல இருக்கின்றன. அவற்றுக்கு மற்ற நிறுவனங்களின் கார்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் பயன் இல்லை.

விளையாட்டு மட்டுமே தேவையாக இருந்திருந்தால் என் பதில் சற்று மாறியிருக்கும். 2024இல் வந்த ரைசன் 7 8700ஜி போன்ற பிராசஸர்களின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ், ஒரு காலத்தில் பலரும் விரும்பி வாங்கிய ஜி.டி.எக்ஸ். 1650 கார்டை ஏறக்குறைய நெருங்கிவிட்டது. காட்சித் தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு விளையாட மனம் ஒப்புபவருக்கு அது போதுமானது.

கேள்வி: என்னிடம் இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ5 பிராசஸர் கொண்ட கணினி இருக்கிறது. 4 ஜி.பி. நினைவகம் கொண்ட ஜி.டி. 730 கார்டு மலிவாகக் கிடைக்கிறது. சிறியதோ பெரியதோ, தனி கார்டு இருப்பது நல்லதுதானே?

பதில்: இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டதற்கு மகிழ்ச்சி. தயவுசெய்து வாங்காதீர்கள். ஜி.டி. 730 வெளிவந்தது 2014இல். 4 ஜி.பி. என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டு விற்கப்படும் அந்தக் கார்டுகளில் இருப்பது பெரும்பாலும் பழைய டி.டி.ஆர்.3 நினைவகம், அதன் 64 பிட் வகையில் (ஒரே நேரத்தில் 64 பிட் தரவு செல்லும் அகலம் கொண்டதில்) தரவு ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ 14 ஜி.பி.தான். உங்கள் கணினியில் ஏற்கெனவே உள்ள ரேமே இதைவிட வேகமானது. அகலமான குளத்தில் சிறு மதகு வைத்ததுபோல, நினைவகத்தின் அளவு பெரிதாக இருந்தும் தரவு வெளியேறும் வழி குறுகலாக இருப்பதால் அந்த 4 ஜி.பி.யால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

இதைவிட முக்கியமான இழப்பு ஒன்று உண்டு. இன்று இணையத்தில் வரும் காணொளிகளில் பல வி.பி.9, ஏ.வி.1 ஆகிய முறைகளில் சுருக்கப்பட்டவை. உங்கள் பிராசஸரில் உள்ள கிராஃபிக்ஸ் பகுதி இரண்டையும் தானே விரிக்க வல்லது, ஜி.டி. 730க்கு இரண்டுமே தெரியாது. மானிட்டரை அந்தக் கார்டில் இணைத்துவிட்டால் காணொளியை விரிக்கும் சுமை முழுவதும் பிராசஸரின் பொதுக் கணக்கீட்டுப் பகுதியின்மேல் விழக்கூடும். பணம் கொடுத்துப் பின்னோக்கிப் போவதாகவே இது முடியும். போதாக்குறைக்கு, இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, வெளியிடுவதை என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. ஜி.டி. 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்பனைக்கு வந்தன: ஜி.டி.டி.ஆர்.5 நினைவகம் கொண்டதன் தரவு ஓட்டம் நொடிக்கு 48 ஜி.பி.; டி.டி.ஆர்.4 நினைவகம் கொண்டதற்கோ 17 ஜி.பி.கூட இல்லை. ஆகவே எந்தக் கார்டானாலும் நினைவகத்தின் அளவோடு அதன் வகையையும் பிட் அகலத்தையும் கேட்டு வாங்குங்கள். என் கருத்தில், தனி கார்டு வாங்குவதென்றால் உள்ளமைந்ததைத் தெளிவாக விஞ்சும் கார்டாக வாங்க வேண்டும்; அதற்கு இப்போது வசதி இல்லையென்றால் உள்ளதை வைத்துக்கொண்டு பணம் சேரும்வரை பொறுத்திருக்கலாம். மதர்போர்டில் அதற்கான ஸ்லாட் காலியாகவே இருக்கப்போகிறது.

கேள்வி: நல்ல கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தியும் விளையாட்டின் வேகத்தில் சிறு மாற்றம்கூட இல்லை. கார்டு பழுதா?

பதில்: கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டின் துளையிலேயே செருகப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் அதைப் பிடுங்கி, கீழே கிடைமட்டமாக அமைந்துள்ள கார்டின் துளையில் செருகுங்கள். பெரும்பாலும் இதுவே தீர்வு.

கேள்வி: திருமண நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துத் தொகுத்துத் தருகிறேன். தனி கார்டு வாங்கிவிட்டால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாத பிராசஸரை எடுத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம் அல்லவா?

பதில்: உங்கள் தொழிலில் அந்த மிச்சம் நட்டமாக முடியலாம். உங்கள் கேமரா பதிவு செய்யும் கோப்பு எந்த வகை என்று முதலில் பாருங்கள். எச்.இ.வி.சி. என்ற சுருக்க முறையில், நிற விவரம் கூடுதலாக உள்ள 10 பிட், 4:2:2 பதிவாக இருந்தால், அதை விரிக்கும் திறன் இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலான உள்ளமைந்த கிராஃபிக்ஸில் இருக்கிறது. என்விடியா கார்டுகளில் அந்தத் திறன் 2025இல் வெளியான 50 வரிசையில்தான் வந்தது. 40 வரிசைக் கார்டை வாங்கி வைத்தும் டைம்லைனில் காட்சி விட்டு விட்டு ஓடுகிறது என்று வருந்துவோருக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். இரண்டையும் வைத்துக்கொண்டால் கோப்பை விரிப்பதை உள்ளமைந்ததும், நிறத் திருத்தத்தையும் எஃபெக்டுகளையும் தனி கார்டும் ஏற்றுக்கொள்ளும். தனி கார்டு பொருத்தியதும் சில மதர்போர்டுகள் உள்ளமைந்ததைத் தாமாகவே அணைத்துவிடும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புக்குள் சென்று அதை மீண்டும் இயக்கிவையுங்கள். கெடு நெருங்கும் நேரத்தில் கார்டு பழுதானாலும் கேபிளை மாற்றிச் செருகி வேலையைத் தொடரலாம் என்பது கூடுதல் பாதுகாப்பு.

கேள்வி: அலுவலகங்களில் பயன்படும் சிறிய பெட்டிக் கணினி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதில் தனி கார்டு பொருத்த முடியுமா?

பதில்: முடியுமா என்பதைக் கணினியின் மூடியைத் திறந்து பார்த்தே சொல்ல இயலும். கார்டைச் செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் வழியாக 75 வாட் வரை மின்சாரம் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பு வேண்டும்: 6 முனை இணைப்பு இன்னொரு 75 வாட், 8 முனை இணைப்பு 150 வாட். இத்தகைய சிறிய பெட்டிகளின் பவர் சப்ளையில் பெரும்பாலும் இந்த இணைப்புகள் இருப்பதில்லை. பல நிறுவனங்கள் தங்களுக்கென்றே தனி வடிவில் செய்வதால் வேறு பவர் சப்ளையை மாற்றிப் பொருத்துவதும் கடினம். எனவே தனி மின் இணைப்பு கேட்காத, உயரம் குறைந்த கார்டுகளே உங்களுக்கு ஒத்துவரும். 53 வாட் போதுமான ஆர்.எக்ஸ். 6400 அத்தகைய ஒன்று. ஆனால் அது ஸ்லாட்டின் நான்கு தரவுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது என்பதால், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 உள்ள பழைய மதர்போர்டில் தடத்தின் வேகம் பாதியாகிவிடும். காணொளியைச் சுருக்கிப் பதிவு செய்யும் வசதியும் அந்தக் கார்டில் கிடையாது. உங்கள் நோக்கம் இரண்டாவது மானிட்டரை இணைப்பது மட்டுமே என்றால், பின்புறத்தில் பயன்படுத்தாத டிஸ்ப்ளே போர்ட் துளை ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கார்டைத் தேடுங்கள்.